லுக்குட் – ஆளரவம் அடங்கிய ஈய நகரம்



லூபோக் சீனாவிலிருந்து பெங்காலான் கெம்பாஸ் வழியாகப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகாத குடும்பம் நம் வட்டாரத்தில் இருக்குமா என்பது ஐயமே. பள்ளி விடுமுறை என்றால் புளிச்சோறும் பாயும் கூடவே கிளம்பிவிடும். அந்தக் கடற்கரையைத் தாண்டிச் சிரம்பான் சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் லுக்குட் என்னும் சிற்றூர் வரும். பெரும்பாலோர் அங்கே வண்டியை நிறுத்துவதில்லை. நிறுத்துவோரும் மட்பாண்டக் கடையில் ஒரு பூச்சாடி வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றனர். சாலையை ஒட்டி ஒரு குன்று நிற்கிறது. அதன்மேல் ஒரு கோட்டை இருந்தது. கோட்டையின் காலடியில் ஒரு நகரம் இருந்தது. அந்நகரம் ஒரு காலத்தில் கோலாலம்பூருக்கே தாய்வீடாக விளங்கியது என்று மாணவரிடம் சொன்னால் நம்ப மறுக்கின்றனர். அவர்களை நம்பவைக்கும் பொருட்டுத் திரட்டிய செய்திகளே இக்கட்டுரை.

முதலில் ஒரு தெளிவு. லுக்குட் இன்று நெகிரி செம்பிலானில் இருக்கிறது. ஆனால் நாம் பேசும் காலத்தில் அது சிலாங்கூருக்கு உரியது. அதற்கு மூலதனம் கொடுத்ததோ நம் மலாக்கா. ஆகவே லுக்குட்டின் கதையை அண்டை மாநிலக் கதையென்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சீனத் தொழிலாளர்கள் லுக்குட்டில் ஈயம் தோண்டத் தொடங்கிவிட்டனர். ஈயச் சுரங்கத்தை நம் மூத்தோர் 'ஈய லம்பம்' என்பர். 'லொம்போங்' என்ற மலாய்ச் சொல் நம் நாவில் அடைந்த வடிவம் அது. சுரங்கம் என்றவுடன் மாணவர்கள் இருட்டுக் குகையைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். இது அவ்வாறானதன்று. காட்டை வெட்டி, மேல்மண்ணை அகற்றி, ஈயமணல் கலந்த அடுக்கு தென்படும்வரை திறந்தவெளியில் தோண்டப்படும் பெருங்குழி. தோண்டிய மண்ணைக் கூடைகளில் இட்டு, தோளில் வைத்த கழியின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு, படிவெட்டிய மரத்துண்டின்மேல் கால்வைத்து ஏறி மேலே கொண்டுவருவார்கள். பின்னாளில் நம் பால்மரத் தொழிலாளர்கள் பால்வாளிகளைத் தூக்கிய அதே காண்டாக் கம்புதான் அது. குழியில் ஊறும் நீரை இறைப்பதற்கு நீர்ச்சக்கரத்தால் இயங்கும் சங்கிலி ஏற்றம் இருந்தது. ஈயமணலை ஓடும் நீரில் அலசிப் பிரித்து, கரி உலையில் உருக்கிக் கட்டிகளாக வார்த்தனர். கரிக்காகக் காடு அழிந்தது. குழியில் ஈயம் தீர்ந்ததும் அடுத்த குழி. கைவிட்ட குழியில் மழைநீர் நிரம்பிக் குட்டையாகும்.

ஊதியமுறை இன்னும் கொடியது. அரிசி, எண்ணெய், புகையிலை, அபின் யாவும் முதலாளியின் கணக்கிலேயே கிடைத்தன. ஆண்டுக்கு ஓரிரு முறை கணக்கு முடிக்கும்போது கழித்ததுபோகக் கையில் மிஞ்சுவது அற்பம். பலருக்குக் கடனே மிஞ்சியது. தோட்டத்துக் கடைக்கணக்கை அறிந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

தொடக்க காலத்தில் லுக்குட்டை ஆண்டவர்களுள் ராஜா பூசு ஒருவர். வெளியேறும் ஈயத்தின்மேல் அவர் நூற்றுக்குப் பத்து வீதம் வரி விதித்தார். 1834ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளர்கள் ஓர் இரவில் கிளர்ந்தெழுந்து அவரையும் அவர் குடும்பத்தாரையும் கொன்று, வீட்டையும் எரித்துவிட்டு, அகப்பட்ட பொருளோடு மலாக்காவை நோக்கி ஓடினர். வழியிலேயே அவர்களில் பலர் தாக்கப்பட்டு மாண்டனர். லுக்குட் முதன்முறையாக ஆளற்றுப்போனது அப்போதுதான். வரியால் வந்த கலகமென்று ஒரே வரியில் பாடநூல் பாணியில் முடித்துவிடலாம். ஆயினும் ஆண்டுக்கணக்கில் கடனில் மூழ்கிக் கிடந்த மனிதர்கள் ஓரிரவில் ஏன் அவ்வளவு வெறிகொண்டார்கள் என்ற கேள்விக்கு வரிவிகிதம் மட்டும் விடையாகாது என்பது என் கருத்து.

12 ஆண்டுகளுக்குப் பிறகு, 1846இல், சிலாங்கூர் சுல்தான் முகமது லுக்குட்டை ராஜா ஜுமாஅட்டிடம் ஒப்படைத்தார். ரியாவிலிருந்து வந்த பூகிஸ் அரச மரபினர் இவர்; சுல்தானின் மருமகன். சுரங்க முயற்சிகளில் பட்ட பெருங்கடனால் சுல்தான் மலாக்கா வணிகர்களிடம் சிக்கியிருந்தார். அந்தக் கடனைத் தீர்க்க உதவியதற்குக் கைம்மாறே லுக்குட். கடனுக்காகக் கைமாறிய நிலம் அடுத்த பதினெட்டு ஆண்டுகளில் மலாய்க் கரையோரத்தின் சிறந்த ஈய நகரங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

1847இல் புக்கிட் காஜா மாத்தி குன்றின்மேல் ராஜா ஜுமாஅட் கோட்டை கட்டினார். 'யானை செத்த குன்று' என்பது அப்பெயரின் பொருள். மாணவர்கள் இதனைக் கேட்டவுடன் சிரித்துவிட்டு, யானை எப்படிச் செத்தது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஏறக்குறைய 200 மீட்டர் நீளமும் 170 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வகக் கோட்டை. சுற்றிலும் நீரில்லா அகழி. கடலையும் ஆற்றையும் நோக்கிய பீரங்கிகள். உள்ளே அரண்மனையின் அடித்தளமும் கிணறுகளும் இருந்தன. அவற்றுள் ஒன்றை 'நச்சுக் கிணறு' என்று காட்டுவர். கீழே நகரத்தில் கடைத்தெரு, சூதாட்டக் கூடம், அடகுக்கடை, சாராயக் கடை என யாவும் குத்தகைக்கு விடப்பட்டு வருவாய் கொழித்தது. ஈயத்தின் வரியைக் காட்டிலும் தொழிலாளியின் ஆசைகளின்மேல் விதித்த வரி அரசனுக்குப் பாதுகாப்பானது. 1834ஐ ராஜா ஜுமாஅட் மறந்திருக்கமாட்டார்.

இங்கே மலாக்காவை மீண்டும் நினைவுகூர வேண்டும். சுரங்கத் தொழில் அன்று கடனில்தான் ஓடியது. காட்டை வெட்டி முதல் ஈயக்கட்டி வெளிவரும்வரை நூற்றுக்கணக்கானோருக்குச் சோறு போட வேண்டும். அந்தப் பணம் மலாக்காவின் பாபா சீன வணிகர்களிடம் இருந்தது. 1857இல் ராஜா ஜுமாஅட்டும் கிள்ளானை ஆண்ட அவருடைய சகோதரர் ராஜா அப்துல்லாவும் சேர்ந்து, சீ யாம் சுவான், லிம் சே ஹோ என்னும் இரு மலாக்கா வணிகர்களிடம் 30,000 வெள்ளி கடன் பெற்றனர். அப்பணத்தில் 87 சுரங்கத் தொழிலாளர்கள் லுக்குட்டிலிருந்து படகேறி, கிள்ளான் ஆற்றின் வழியே உள்நாட்டுக்குச் சென்று, அம்பாங்கில் காட்டை வெட்டினர். ஒரு மாதத்திற்குள் 69 பேர் காய்ச்சலால் இறந்தனர். எஞ்சியோர் 18 பேர். சகோதரர்கள் மனந்தளராமல் அடுத்த அணியை அனுப்பினர்.

அம்பாங்கின் ஈயத்தை இறக்கவும் அரிசியை ஏற்றவும் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் சில கடைகள் எழுந்தன. அந்தச் சேற்றுத் துறையே கோலாலம்பூர். அங்கே முதற்கடை வைத்தவர்களுள் ஒருவரான ஹியூ சியூ லுக்குட்டில் வணிகம் செய்தவர். கோலாலம்பூரின் முதல் சீனக் கப்பித்தான் அவரே. இரண்டாம் கப்பித்தான் லியூ நிம் கோங். மூன்றாமவர் நம் மாணவர்களுக்குப் பெயரளவில் அறிமுகமான யாப் ஆ லோய். இவர் 1854இல் சீனாவிலிருந்து மலாக்காவில் வந்திறங்கி, முதலில் நம் அலோர் காஜா மாவட்டத்து டுரியான் துங்கலில் ஒரு ஈய லம்பத்தில் வேலை செய்தார். பின்னர் கெசாங், அதன்பின் லுக்குட்டில் மூன்றாண்டுகள் சமையற்காரர். டுரியான் துங்கல் என்றால் இன்று நமக்கு அணைக்கட்டும் பல்கலைக்கழகமும்தான் நினைவுக்கு வருகின்றன.

இனி போருக்கு வருவோம்.

லுக்குட்டின் பின்புறத்து உள்நாடு சுங்கை ஊஜோங், இன்றைய சிரம்பான் வட்டாரம். அங்கேயும் ஈயம், அங்கேயும் சீனத் தொழிலாளர், அங்கேயும் வரித்தகராறு. நம் ஊருக்கருகே ஓடும் லிங்கி ஆற்றின் வழியாக அந்த ஈயம் மலாக்காவுக்கு இறங்கியது. ஆற்றின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தலைவர் சுங்கம் கேட்டார். 1860இல் சுங்கை ஊஜோங்கில் போர் மூண்டது. அங்கிருந்த ஹக்கா கப்பித்தான் ஷின் பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார். அவரிடம் படைத்தலைவர்களாக இருந்த லியூ நிம் கோங்கும் யாப் ஆ லோயும் காயங்களோடு தப்பினர். யாப் ஆ லோய் அடைக்கலம் தேடிய இடம் லுக்குட். பின்னர் 1862இல் அவரும் கோலாலம்பூருக்குப் போய்விட்டார். இறந்த ஷின்னையோ கோலாலம்பூர் சீனர்கள் தெய்வமாக்கிவிட்டனர். பெட்டாலிங் தெருவுக்கு அருகே 1864இல் நிறுவப்பட்ட சின் சே சி யா கோயிலில் இன்றும் அவருக்கு ஊதுவத்தி ஏற்றப்படுகிறது. நம் முனீஸ்வரர் வழிபாட்டையும் மதுரைவீரன் வழிபாட்டையும் அறிந்த பெற்றோர்களுக்கு, வெட்டுண்டு வீழ்ந்த வீரன் காவல் தெய்வமாவது விந்தையாகத் தோன்றாது.

1864இல் ராஜா ஜுமாஅட் மறைந்தார். மகன் ராஜா போட் பொறுப்பேற்றார். மூன்றே ஆண்டுகளில் சிலாங்கூர் உள்நாட்டுப் போர் வெடித்தது. போரின் வேர் இந்தக் குடும்பத்திலேயே இருந்தது. கிள்ளானைத் தம் தந்தைவழி உரிமையாகக் கருதிய ராஜா மஹ்டி, அது ராஜா அப்துல்லாவுக்குத் தரப்பட்டதை ஏற்கவேயில்லை. 1867இல் அவர் கிள்ளானைக் கைப்பற்றினார். அதன்பின் ஏழாண்டுகள்! மலாய் அரசகுலத்தார் இரு அணிகளாகவும், சீனர் இரு குழுக்களாகவும் பிரிந்து மோதினர். 1872இல் கோலாலம்பூர் வீழ்ந்து எரிந்தது. 1873இல் யாப் ஆ லோய் தரப்பு அதனை மீட்டது.

எரிந்துபோனது கோலாலம்பூர். ஆனால் அழிந்துபோனது எரியாத லுக்குட். இந்த முரணே மாணவருக்குக் கற்பிக்கத் தக்கது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இக்கேள்வியை விடுத்தபோது பெரும்பாலோர் "போரில் தோற்ற ஊர் அழியும், வென்ற ஊர் வளரும்" என்றனர். ஒரு சிறுமி மட்டும், "லுக்குட்டில் ஈயம் மிச்சம் இருந்ததா, ஐயா?" என்று கேட்டாள். அவள் கேட்டதே சரியான கேள்வி.

லுக்குட்டின் ஈயப்படுகை சிறியது. அரை நூற்றாண்டாகத் தோண்டப்பட்டது. எளிதில் கிடைத்த மணல் முடிந்தபின் ஆழக் குழிகளில் நீரோடு போராட வேண்டியிருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கிலோ ஈயம் தொடாமல் கிடந்தது. ஆகவே சாம்பலானாலும் கோலாலம்பூரை மறுபடி கட்டுவதற்கு யாப் ஆ லோய்க்குக் கடன் கொடுக்க ஆள் இருந்தது, அவரும் கட்டினார். லுக்குட்டுக்கு அதற்கான காரணம் எவருக்கும் தென்படவில்லை. போர் லுக்குட்டைக் கொன்றது என்று சொல்வதைவிட, ஏற்கெனவே மெலிந்திருந்த ஊரின் கையிலிருந்த கடைசிக் கோலைப் போர் பிடுங்கிக்கொண்டது என்று சொல்வதே பொருந்தும். நிகழ்ந்ததை வரிசைப்படுத்திப் பாருங்கள்: முதலில் திறமைசாலிகள் போனார்கள், அவர்கள் பின்னால் கடன் கொடுப்போரின் பணம் போனது, அதற்கும் பின்னால்தான் கூலித் தொழிலாளி தன் பாயைச் சுருட்டினான். ஊரை விட்டுப் போகிறோம் என்று எவரும் பறைசாற்றிவிட்டுப் போகவில்லை.

எஞ்சியிருந்ததையும் ஒரு வரைபடக் கோடு முடித்துவைத்தது. 1874இல் ஆங்கிலேயர் சிலாங்கூரிலும் சுங்கை ஊஜோங்கிலும் தலையிட்டு ஆலோசகர்களை அமர்த்தினர். சுங்கை ஊஜோங்குக்குக் கடற்கரை தேவைப்பட்டது. 1878இல் இரு மாநில எல்லை திருத்தப்பட்டபோது லுக்குட் சுங்கை ஊஜோங்குக்குக் கைமாறியது. ராஜா போட்டின் மனக்குறையை எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஆங்கிலேயர் லுக்குட்டின் பழைய துறையையும் விட்டுவிட்டுச் சற்றுத் தெற்கே போர்ட்டிக்சனில் புதுத் துறைமுகம் அமைத்தனர். 1891இல் சிரம்பானிலிருந்து அங்கே இரயில்பாதை வந்தது. லுக்குட் வழிப்போக்கர் கடக்கும் ஊராயிற்று. கோட்டைமேல் காடு ஏறியது.

நம்மவர்கள் இக்கதைக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். ஈயம் விட்டுச்சென்ற நிலத்தில் முதலில் காப்பியும் பின்னர் ரப்பரும் வந்தன. நம் மலாக்காவில் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டுக் காட்டினார். அடுத்த பத்தாண்டுகளில் அலோர் காஜா முதல் சிரம்பான்வரை பால்மரக் காடாயிற்று. லின்சம், சுவா பெத்தோங், சுங்கை சாலாக், தானா மேரா, ஆதர்ட்டன் என்று நாம் பள்ளிப் பெயர்களாக அறிந்தவை யாவும் தோட்டங்கள். கங்காணிகள் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் ஆள் கொண்டுவந்தனர். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை அது நீடித்தது. சீனத் தொழிலாளி விட்டுச்சென்ற குட்டைகளின் கரையில் நம் லயங்கள் எழுந்தன. அந்தக் குட்டைகளில் தூண்டில் போட்ட கதையைச் சொல்லும் தாத்தாக்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். குட்டை எப்படி வந்தது என்று அவர்களை எவரும் கேட்டதில்லை.

ஈய நகரத்தைப் பற்றி எழுதத் தொடங்கி நான் தோட்டத்தில் வந்து நிற்பதற்குக் காரணமுண்டு. லுக்குட்டில் நடந்தது நம் கண்முன் இன்னொரு முறை நடந்திருக்கிறது. நம் தோட்டங்களை எந்தப் படையும் எரிக்கவில்லை. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. அதனைத் தடுக்கவே 1960இல் துன் வீ.தி. சம்பந்தனார் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டனர். செம்பனைக்கு அவ்வளவு கைகள் தேவையில்லை. அதன்பின் வீடமைப்புத் திட்டங்கள். முதலில் படித்த பிள்ளைகள் சிரம்பானுக்கும் கிள்ளானுக்கும் போனார்கள். பிறகு பெற்றோரை அழைத்துக்கொண்டார்கள். கடைசியில் கோயிலும் பள்ளியும் தனித்து நின்றன. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. எஞ்சியவற்றுள் 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளிகள் மிகப்பல. நம் வட்டாரத்துப் பள்ளிகளைப் பெற்றோர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பெற்றோர் சந்திப்பில் சிலர் என்னிடம், "டீச்சருங்க நல்லாச் சொல்லிக் கொடுத்தா பிள்ளைங்க ஏன் சார் குறையுது?" என்று கேட்பதுண்டு. பிள்ளைகளை வேற்றுமொழிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பெற்றோரைச் சாடும் ஆசிரிய நண்பர்களும் உண்டு. இரு தரப்பாரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுவது எனக்கு உடன்பாடில்லை. வேலை எங்கே போகிறதோ அங்கே மக்கள் போகிறார்கள். அங்கே பள்ளி போக வேண்டும். தோட்டத்தில் மாணவரின்றி நின்ற பள்ளிகளின் உரிமத்தை மூடாமல், நம்மவர் குடியேறிய நகர்ப்புறத்திற்கு மாற்றிக் கட்டிய முயற்சிகள் நடந்துள்ளன; அவ்வாறு இடம் மாறிய பள்ளிகள் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்பதைக் காணலாம். லுக்குட் சீனர்களும் அதைத்தான் செய்தனர். வெட்டுண்ட கப்பித்தானின் நினைவைச் சுரங்கக் குழியோடு விட்டுவிடாமல் தாங்கள் போன ஊரில் கோயிலாக எழுப்பிக்கொண்டனர்.

ராஜா போட் பிற்காலத்தில் கோலாலம்பூரில் மதிப்புக்குரியவராக வாழ்ந்தார். சௌக்கிட் பகுதியில் காய்கறியும் மீனும் வாங்கச் செல்லும் நம்மவர் நடமாடும் ராஜா போட் சந்தையும் ராஜா போட் சாலையும் அவர் பெயரைத் தாங்கியவை. மீன் விலை கேட்டுப் பேரம் பேசுவோரில் எத்தனை பேருக்கு லுக்குட் நினைவுக்கு வரும்!

கல்விச் சுற்றுலாவாக மாணவர்களை அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். குன்றின் அடியில் அருங்காட்சியகம் உள்ளது. முதலில் அதனைப் பார்த்துவிட்டு மேலே ஏறுவது நன்று, இல்லையேல் மாணவர்களுக்கு மேலே வெறும் புல்லும் கல்லுமே தெரியும். காலையிலேயே ஏறிவிடுங்கள். கோட்டையின் நீள அகலத்தைக் காலடியால் அளந்து எழுதிவரச் சொல்லுங்கள். கணிதப் பாடத்திற்கும் அது உதவும். அகழியில் இறங்க விடாதீர்கள், மழைக்காலத்தில் வழுக்கும். திரும்பும் வழியில் தஞ்சோங் துவானையும் பார்க்கலாம். நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தாலும் அந்தக் கலங்கரை விளக்கக் குன்று மலாக்காவுக்குச் சொந்தமான மண் என்பதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு முதியோர் யாரேனும் லுக்குட் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவராயின், அங்கிருந்த லம்பக் குட்டைகளைப் பற்றி அவர்கள் சொல்வதை எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் மாணவர்களின் சுவரொட்டிப் பணிக்கு அவை தேவைப்படுகின்றன.